ஒரு ஜன்னல் கூடுதல்

வெளியில் நின்று எண்ணினால் ஒன்பது.
உள்ளே நடந்து எண்ணினால் எட்டு.
விற்பதற்காக வீட்டை அளக்க வந்த டெல்மு
மூன்று முறை எண்ணிவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்.
நான் கடலைப் பார்த்தேன்.

சாவ் மிகேல் தீவின் எரிமலைக் கல்லில்
எழுந்த வீடு இது.
மழைக்குக் கறுக்கும். வெயிலுக்கும் கறுக்கும்.
ஆரஞ்சு விற்ற காசில் கட்டியவர்
கொள்ளுத்தாத்தா ஜசிந்து.
உப்புக்காற்று தீண்டாதிருக்கத்
தோப்பைச் சுற்றி இரண்டாள் உயரச் சுவர்.
சுவர் எழுப்பி எழுப்பியே
கை பழகிப்போன குடும்பம்.

மரங்களில் நோய் விழுந்து
லண்டன் கப்பல்கள் வராமல் போயின.
தாத்தா ஒனொராட்டு
கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி வளர்த்தார்.
பூக்க வேண்டுமென்றால்
கதவைச் சாத்திப் புகை போட வேண்டும்.
மூச்சு முட்டினால்தான் பூக்கும் என்பார்,
விருந்தாளிகளுக்குத்
துண்டு துண்டாய் அடுக்கிக் கொடுத்தபடி.

அப்பா ஃப்ரடீக் மாடு வைத்திருந்தார்.
மென்மையானவர்.
பொறியில் சிக்கிய எலியைத்
தோட்டத்துக் கோடிவரை கொண்டுபோய்
விட்டுவிட்டு வருபவர்.

சமையல்காரி எதுவீனா
மூடிய கிண்ணத்தில் கீரை சூப்போடு
மாடிப்படி ஏறுவாள்.
யாருக்கு என்றால், பூனைக்கு.
எங்கள் வீட்டில் பூனை இல்லை.
அறுபத்தைந்து வருஷம் கழித்து
இன்றைக்குத்தான் அது எனக்கு உறைக்கிறது.

குடும்பப் பைபிளின் கடைசித் தாளில்
தியோலிந்தா என்றொரு பெயர்.
தாத்தாவின் தங்கை.
பிறப்பு 1889.
எதிரே, இறந்த நாளுக்கு விட்ட இடம்
இன்னும் வெள்ளையாய்.
கன்னியாஸ்திரியாகப் போய்விட்டாளாம்.
எந்த மடம் என்று
ஒருவர்கூடக் கேட்டதில்லை.

துணி அலமாரியை நகர்த்தினோம்.
பின்னால் சுண்ணாம்பு பூசிய கதவு.
டெல்மு எலும்புக்கூட்டை எதிர்பார்த்தான்.
நானும்தான்,
பொய் எதற்கு.

இருந்தது ஒரு கட்டில். ஒரு நாற்காலி.
ஒன்பதாவது ஜன்னலின்
கீழ்ப்பாதியில் மட்டும் கறுப்புச் சாயம்:
வானம் பார்க்கலாம்
பாதை பார்க்கக் கூடாது.

பிறகு, கதவு நிலையில் பென்சில் கோடுகள்.
பிள்ளைகள் வளர வளர
நிற்க வைத்துக் கிழிப்போமே, அவை.

1896. என் நெஞ்சு உயரம்.
கொடிபோல் சுருளும் எண்கள்;
தோப்புக் கணக்கில் பார்த்த
ஜசிந்துவின் கை.
ஒவ்வொரு வருஷமும் ஒரு கோடு, ஏறி ஏறி.
1907க்குப் பின் ஏறவில்லை.
கோட்டின்மேல் கோடு விழுந்து
ஒரு விரல் கனத்தில் கறுப்புப் பட்டை.
அதற்குள்
ஏழுக்குக் குறுக்குக் கோடு போடும் ஒனொராட்டு.
அதற்குள் இரண்டு போர்கள்.
அதற்குள், எனக்குக் கையெழுத்துப் பழக்கிய
அப்பாவின் சாய்ந்த எண்கள்.
அப்புறம் கோடுகள் இறங்கத் தொடங்குகின்றன.
அரை விரல். ஒரு விரல்.
முதுகு வளைந்ததையும்
விடாமல் குறித்திருக்கிறார்கள்.

மூன்று தலைமுறை.
அறுபத்திரண்டு வருஷம்.
திறந்துவிடவில்லை.
அளந்திருக்கிறார்கள்.

கடைசிக் கோடு 1958.
அதில் ஐந்து திரும்பி நிற்கிறது,
கண்ணாடியில் பார்த்ததுபோல்.

எனக்கு அப்போது வயது ஐந்து.
எல்லா ஐந்தும் எனக்குத் திரும்பியே நிற்கும்.

பூனையைப் பார்க்கலாம் வா என்றார் அப்பா.
இடுப்பில் தூக்கிக்கொண்டார்.
விரல்களுக்குள் பென்சில் வைத்தார்.
மாவு உதிர்வதுபோல் மெல்லிய முடி
பென்சிலுக்கடியில் அமுங்கியது.
ஆடாதே, கோடு கோணிடும் என்று
நான்தான் சொன்னேன்.
அவள் ஆடவில்லை.

வெகுநேரம் கழித்து டெல்மு இருமினான்.
அளவு நாடாவின் ஒரு முனையை நீட்டினான்.
இதையும் சேர்க்கணுமே அம்மா,
கொஞ்சம் பிடியுங்கள்.

கை
தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது.