உறவுமுறை

படிவம் சிங்களத்தில் இருந்தது.
அதனால்தான் என் கடைக்கு வந்தாள் யோகமலர்,
நான்காய் மடித்த தாளும்
இடுப்பில் காய்ச்சல் விட்ட பிள்ளையுமாக.
போட்டோகொப்பிக்குத்தான் காசு,
வாசித்துச் சொல்வதற்கு இல்லை.
மட்டக்குளியில் அது எல்லோருக்கும் தெரியும்.

வாசித்தேன்.
ஓர் அறை. வெளியிலிருந்து பூட்டு.
உள்ளே ஏழு வயது, மூன்று வயது.
தகப்பன் பற்றித் தகவல் இல்லை.
தாயின் பெயர் அட்டையில் யோகமலர்,
பிறப்புப் பதிவில் யோகமாலா;
தோட்டத்து ஆஸ்பத்திரியில் எழுதியவருக்கு
அப்படித்தான் கேட்டிருக்கிறது.
யாரோ தொலைபேசியில் முறையிட்டிருக்கிறார்கள்.
யாரோ சொன்னது பொய்யில்லை.
அந்தப் பூட்டை நானும் பார்த்திருக்கிறேன்,
பார்த்துவிட்டுக் கடை திறக்கப் போயிருக்கிறேன்.

கடைசி வரியில் ஒரு சொல்.
'புறக்கணிப்பு' என்றேன். விளங்கவில்லை அவளுக்கு.
'பிள்ளையப் பார்க்காம விடுறது.'
சிரித்தாள்.
சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

பார்ப்பதுதானே அவள் தொழில்.
விடிய முன் பஸ் ஏறி
கொழும்பு ஏழில் ஒரு வீட்டுக் குழந்தைக்கு
முட்டைக்கரு மசித்து ஊட்டுகிறாள்,
அது தூங்கும்வரை விசிறுகிறாள்,
மின்விசிறி ஓடும்போதும்.
அந்தக் குழந்தையின் தாயும் இருட்டித்தான் வருகிறாள்.
அங்கே எவரும் படிவம் கொண்டுபோவதில்லை.
அங்கேயும் வாசலைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.
அந்தப் பூட்டின் பெயர் பாதுகாப்பு.

போன மாரியில் கமலவேணியின் மகனை
வெள்ளை வானில் ஏற்றவில்லை, நல்ல வானில்தான் ஏற்றினார்கள்.
நல்ல இடம். மூன்று வேளை சோறு. பள்ளிக்கூடம்.
பதினான்கு மாதம் கழித்து வந்தவன்
'வத்துர' கேட்டான்; கொடுத்தாள்,
தண்ணீர் எந்த மொழியிலும் விளங்கும்.
பிறகு நீளமாக ஒன்று கேட்டான்.
என்னைக் கூப்பிட்டாள்: என்ன கேக்கிறான், சொல்லுங்க.
என்னை ஏன் கொண்டுபோக விட்டாய் என்று கேட்டிருந்தான்.
பசிக்குதாம், என்று மொழிபெயர்த்தேன்.

அந்தச் சொல் இன்னும் என் வாயில் இருக்கிறது.
அதனால்தான் இந்த முறை
தாளை மடித்துத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

குழாயடியில் ஆரம்பித்தது.
மஸீனா ராத்தா சொன்னார்:
சாவியை என் ஆணியில் மாட்டு, காலையில் நான் இருக்கிறேன்.
லொத்தர் விற்கும் சோமலதாவுக்கு
இரண்டு மணிக்குப் பிறகு கால் வலி, வீட்டில்தான் இருப்பாள்;
பிள்ளை தமிழில் கதை கேட்டால் என்ன செய்வது என்று
அதற்கு மட்டும் பயந்தாள்.
பெனடிக்ட் ஓட்டோவில் பள்ளிக்கு விடுவானாம்,
மழை நாளில் மட்டும். சொன்னதைச் செய்வானா, பார்ப்போம்.
எல்லாவற்றையும் பழைய கலண்டர்த் தாளின் பின்னால் எழுதி
மூன்று பிரதி எடுத்தேன்.
மை குறைவு. புதன்கிழமை மங்கலாக விழுந்தது.
புதன்கிழமைக்கு உண்மையிலேயே ஆள் இல்லை.

வியாழன் வந்தார் அதிகாரி மிஸ்.
செருப்பு வாரைத் தைத்துப் போட்டிருந்தார்,
பையில் இன்னும் எத்தனையோ வீடுகள்.
கெட்டவர் இல்லை.
தாளைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்,
பேனையைத் திறந்து கேட்டார்:
இவர்கள் பிள்ளைக்கு என்ன முறை?

அந்தக் கட்டம் சிறியது.
மாமி, சித்தி, பாட்டி எழுதலாம்.
இரத்தம் வேண்டும் அந்தக் கட்டத்துக்கு.
ஆளுக்காள் முகம் பார்த்தோம்.

'ஏக்கம டெப் எக்க,' என்றாள் சோமலதா.
நான் தமிழிலும் சொன்னேன், யோகமலருக்காக:
ஒரே குழாய்.

மிஸ் எழுதினாரா தெரியாது.
பேனை நகர்ந்தது, கோப்பை மூடவில்லை,
மூன்று மாதத்தில் திரும்ப வருவதாகச் சொன்னார்.
போகும்போது, தயங்கி,
புதன்கிழமைக்கு யார் என்று கேட்டார்.

கடைக்கு அன்று அரைநாள் லீவு,
என்று நான் சொன்னது எனக்கே கேட்டது.