நூறு சொட்டுப் புட்டி

நீடாமங்கலம் மருந்துக்கடையில்
முப்பத்தேழு சொட்டு மட்டும் தரமாட்டார்கள்.
புட்டி என்றால் நூறு.
கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரம்,
அப்புறம் வெறும் தண்ணீர்,
விலை மட்டும் மருந்து விலை.

ஐஸ் கம்பெனியில் கெஞ்சி வாங்கிய கட்டிகளோடு
டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து
மடியில் ஏந்தி வந்தேன் கொரடாச்சேரி வரை.
மீன் குழம்பா என்றார் கண்டக்டர்.
கடன் என்றேன்.

பெட்டை முப்பத்தொன்று, சேவல் ஆறு.
வைகாசியில் வான்கோழிக் குஞ்சு தருவதாக
வேளாங்கண்ணி லாட்ஜுக்காரரிடம் வாங்கிய முன்பணம்
தவிடாகவும் கருவாட்டுத் தூளாகவும்
ஏற்கெனவே அவற்றின் வயிற்றில் இருக்கிறது.

கண்ணுக்கு ஒரு சொட்டு.
இமை மூடித் திறக்கும்வரை பிடித்திருந்து
அடுத்தது.
முட்டி வலிக்க எழுந்தபோது
அறுபத்து மூன்று மிச்சம்,
ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே.

போன சித்திரையில்
கீழத்தெருவில் ஒரு நாட்டுக்கோழி வெள்ளையாய்க் கழிந்தது,
கழுத்தைத் திருகி வானம் பார்த்தது.
அவர்களுக்குப் போனது ஒரு குழம்பு.
எனக்குப் பத்தொன்பது தாய்ப்பெட்டை.
அதன்பிறகு எழுநூறு ரூபாய்க்கு வலை கட்டினேன்.
சிட்டுக்குருவி அதில் போய்வந்துகொண்டிருக்கிறது.

கேரியரோடு தெருவில் இறங்கினேன்.
"எவ்வளவு காசு?" என்றாள் தையல்நாயகி.
காசில்லை என்றதும்தான் சந்தேகப்பட்டாள்.
"அப்ப ஒனக்கு என்ன லாபம்?"
ஒங் கோழி சாகாம இருக்கறதுதான்.
சிரித்துக்கொண்டே கூடையைத் திறந்தாள், எட்டு.
ஜெகபர் வீட்டில் பதினொன்று.
மேலண்டை வீடுகளில் இருபத்தாறு,
ஒன்று கையைக் கொத்திவிட்டு
முருங்கையில் ஏறிக்கொண்டது, அதற்கும் சேர்த்து.

வைரக்கண்ணு மட்டும்
சண்டைச் சேவலை அக்குளில் இடுக்கியபடி
"கண்ணுல ஒண்ணும் விடக்கூடாது" என்றார்.
ஐந்நூறு தருகிறேன் என்றேன்.
நோய் வந்தால் போகும் தொகையை
வரும் வழியிலேயே பெருக்கி வைத்திருந்தேன்,
அதற்கு முன் ஐந்நூறு ஒன்றுமில்லை.
ஐந்நூறு குடுத்து விடுற மருந்தா என்று
கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார்.
இலவசமாகவே கேட்டிருக்கலாம்.
அல்லது ஐம்பது ரூபாய் கேட்டிருக்க வேண்டும், அவரிடம்.

மிச்சம் பதினெட்டு.
வெந்நீரில் கொட்டி, புட்டியைப் புதைத்தேன்.

இப்போதெல்லாம் விடிந்தால்
என் பெட்டைகளுக்கு முன்
அவர் சேவலைத்தான் கேட்கிறேன்.
இன்றைக்கும் கூவியது.
கொஞ்சம் கரகரப்பு.
அறுப்பு முடிந்த நேரம்,
வைக்கோல் தூசாக இருக்கும்.