பதினைந்து நிமிட இடைவேளை

பிராம்ப்டன் கிடங்கின் பின்கதவு. மைனஸ் இருபத்திரண்டு.
கையுறையைப் பல்லால் கழற்றுகிறேன்.
நேற்றிலிருந்து ஒவ்வொரு இழுப்பிலும்
அடிப்பிடித்த பால்.

பழைய காயில் முரண்டுபிடித்துக் கழன்று வருகிறது:
கறுத்த பஞ்சு,
யாருடைய காதிலிருந்தோ எடுத்ததைப் போல.

புதியதன் துளைகளில் நாலு சொட்டு. மாம்பழமாம்.
குளிரில் தேனாய்த் தடித்து
இறங்க மாட்டேன் என்கிறது.

பத்து நிமிடம் ஊறவிடு என்கிறது பெட்டி.
உடனே இழுத்தால் பஞ்சு கருகும்.
மூன்று காயிலை அப்படித்தான் கொன்றேன்.

துவாரகன் சிகரெட்டை முடித்தே விட்டான்.
"ஒண்டு தரவோ?"
"வேண்டாம்."

டாங்கைக் கக்கத்தில் இடுக்கி நிற்கிறேன்,
காய்ச்சல் பார்ப்பவன் மாதிரி,
அசையாமல்.

மணி அடிக்கிறது.
பெட்டியின் கணக்கில்
இன்னும் இரண்டு நிமிடம்.