பன்னிரண்டாவது போத்தல்

அட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, மேல்மாடி அறை.
ஜன்னலைச் சாத்தினாலும் பனி உள்ளே வரும்.
நாலு மாதமாய் நான் வாசிப்பது
முந்நூற்றுப் பன்னிரண்டு சத்துக் குளிசைப் போத்தல்களின்
பின்பக்கம் மட்டும்.

முன்பக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.
பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்து:
துத்தநாகம், மீனெண்ணெய், முருங்கைத் தூள்,
'இதர பொருட்கள்' என்றொரு மூடிய கதவு.

ஒரு பொருளுக்கு ஒரு புள்ளி.
இரண்டு பொருள் ஒரே போத்தலில் இருந்தால்
இடையில் ஒரு கோடு. அவ்வளவுதான் கணக்கு.
மடிக்கணினி இரைய இரைய
புள்ளிகள் இழுத்துத் தள்ளி முட்டி
கல்யாண வீட்டுச் சனம்போல
அவரவர் ஆட்களோடு ஒதுங்கின.
எலும்புக்காரர் ஒரு மூலை.
தூக்கம் விற்கிறவர்கள் ஒரு மூலை.
வல்லாரை யாரையும் தெரியாமல் வாசலோரம்.

நடுவில், எல்லாரோடும் பேச்சுள்ள ஆளாய்
பச்சைத் தேயிலைச் சாறு.
நூற்று நாற்பத்தேழு கோடு.
கொழுப்பைக் கரைக்குமாம்,
கொழுப்பே இல்லாத லயங்களைத் தாண்டிப் போன இலை.

பதினொரு போத்தலில்
இரும்பும் அதுவும் ஒன்றாய் இருந்தன.
ஒருத்தர் வைப்பதை மற்றவர் எடுத்துவிடும் குடித்தனம்;
இரும்பை உடம்பில் ஒட்டவிடாது தேயிலை.
கோட்டுக்கு அது தெரியாது.
கூட இருந்தார்கள் என்று மட்டும் சொல்லும்.

புதன்கிழமை, டிக்கோயா கிளினிக் வரிசையில்
லோகாம்பாள். ஏழு மாதம். வெளுத்த நகம்.
இரும்புக் குளிசையை எதோட விழுங்குறீங்க?

"பிளேன்டியோடதாங்க. வெறுந்தண்ணில போட்டா
குமட்டிட்டு வருது.
அதுவும் மலையில தண்ணிக்கு எங்க போறது,
போத்தல்ல இருக்கிறது சாயந்தானே."

கூடையோரம் தொங்கியது அந்தப் போத்தல்.
பழைய சோடாப் போத்தல், காகிதத் தக்கை,
லேபல் உரிந்த இடத்தில் பசைத் தழும்பு.
என் பட்டியலில் இல்லாதது.

ராத்திரி அவளுக்கும் ஒரு புள்ளி வைத்தேன்.
இரும்புக்கு ஒரு கோடு, தேயிலைக்கு ஒரு கோடு.
மொத்தப் படமும் மெல்ல உலுங்கி
நூலளவு நகர்ந்து நின்றது.
'இது என்ன பொருள்?' என்பார் பேராசிரியர்.
திங்கள் கூட்டத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும்.

மருத்துவமாது ரொசலின் மிஸ்ஸுக்கு மட்டும்
ஒரு செய்தி அனுப்பினேன்:
குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில்
இரண்டு மணித்தியாலம் விடச் சொல்லுங்கள்.

பத்தே முக்காலுக்குப் பதில் வந்தது.
சொல்றேன்.
மலைக்குத் தண்ணி யார் அனுப்புறது?