ஒரு சாண்

பகலில் நான் ட்ராம் ஓட்டுகிறவள், எட்டாம் எண் வண்டி.
நிறுத்தத்தில் கோடு எங்கேயோ
அங்கேதான் கதவு திறக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்.
அதனால்தான் ஒஸ்ட்ராவாவுக்குப் போட்டி வந்தபோது
இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்:
இரண்டாம் வளைவு முடிகிற இடம்,
மடியில் மஞ்சள் கொடி,
பார்த்துக்கொள்ள வேண்டியது ஏழும் எட்டும்.

பெண்களைப் பார்க்காதே, கோலைப் பார்.
கால் கோட்டைத் தாண்டலாம், தலை தாண்டலாம்,
கோல் முப்பது மீட்டருக்குள் கைமாற வேண்டும்.
மூன்று நாள் வகுப்பில் இதைத்தான்
திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

சாயங்காலம் தூறல்.
ஏழாம் பாதையில் பார்படாஸின் நான்காமவள்
குதிகாலும் விரலுமாக அடிவைத்துப் பின்னோக்கி அளந்தாள்.
இருபத்தாறு அடி.
நீல ஒட்டுநாடாவைத் தரையில் வைத்தாள், எடுத்தாள்,
வளைவைப் பார்த்தாள்,
இன்னும் அரை அடி தள்ளி ஒட்டினாள்.
அந்த அரை அடியை நான் கவனித்தேன்.
கொடிக்கு அதில் வேலையில்லை.

நெஞ்சில் குத்திய துணியில் பெயர்: கெத்தூரா.
என்னைப் பார்த்து, என்ன குளிர் இது என்பதுபோல்
தோளைக் குலுக்கினாள்.
நான் சிரிக்கவில்லை.
சிரிக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

துப்பாக்கி வெடித்தது மைதானத்தின் அந்தக் கோடியில்.
கொஞ்ச நேரம் இங்கே ஒன்றுமே இல்லை.
பிறகு வளைவில் சத்தம்,
காலணி முட்கள் ஈர ரப்பரைக் கவ்விக் கவ்வி விடுகிற சத்தம்,
சோளம் பொரிகிற மாதிரி.
மூன்றாமவள் மெலோனி கழுத்து நரம்பு புடைக்க வருகிறாள்,
நாடாவை மிதிக்கிறாள்,
கெத்தூரா கிளம்பிவிட்டாள்
திரும்பிப் பார்க்காமல்.
இந்த ஓட்டத்தில் நம்பிக்கையெல்லாம் முதுகில்தான்.

"கை!"
இடது கை பின்னால் நீண்டது. எட்டவில்லை.
"கை!"
எட்டவில்லை.
மெலோனி தன்னிடம் இல்லாத ஒரு மூச்சை
எங்கிருந்தோ கடன் வாங்கி நீட்டினாள்.
உள்ளங்கையில் கோல் பட்டது எனக்குக் கேட்டது.
கோடு அதற்கு ஒரு சாண் முன்பே முடிந்திருந்தது.

ஓடினாள் பாருங்கள் கெத்தூரா!
எனக்கு முதுகுதான் தெரிந்தது,
அந்த முதுகு நான்கு முதுகுகளைத் தாண்டியது.
மூன்றாம் இடம். இறுதிச் சுற்று.
நால்வரும் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கிடந்தார்கள்.
மேல் வரிசையில் முப்பது பேர்
எதையோ போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தடவை நிறுத்தத்தை ஒரு சாண் தாண்டிவிட்டேன்.
இறங்கியவரின் ஊன்றுகோல்
மேடையைத் தேடிக் காற்றைக் குத்தியது.
நல்லவேளை, யாரோ பிடித்தார்கள்.

கொடியைத் தூக்கினேன்.

பலகையில் அந்தப் பெயர் கீழே இறங்கியது.
நான்காவதாக வந்து அழுதுகொண்டிருந்த ஹங்கேரிக்காரிகள்
பாதி அழுகையில் நிமிர்ந்தார்கள்,
மீதியை என்ன செய்வதென்று தெரியாமல்.

ஒட்டிய நாடாவை ஒட்டியவளே உரிக்க வேண்டும்.
விளக்குகள் பாதி அணைந்த பிறகு வந்தாள்,
காலுறையோடு, ஈரத்தில்.
நாடா லேசில் வரவில்லை. நானும் மண்டியிட்டேன்.
"எவ்வளவு?" என்றாள்.
கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துத்
தரையில் வைத்துக் காட்டினேன்.
அவள் தன் கையை என் கை பக்கத்தில் விரித்தாள்.
இரண்டு விரற்கடை பெரிது.

"என் கைக்கு இது ஒரு சாண்கூட இல்லை" என்றாள்.

ஆமாம் என்றேன்.
பாதி நாடா அவளோடு போயிற்று,
பாதி என் முழங்காலில் ஒட்டியிருந்ததை
வீட்டில்தான் பார்த்தேன்.