காற்றுக் கணக்கு

ஜெலுத்தோங் அடுக்ககத்தின்
பதினெட்டாம் மாடிக்கு மேலே
மூன்று கிண்ணம் சுழலும் கருவிக்கு
ஏழு மாதமாய்க் காவல் இருந்தேன்.

நொடிக்கு இரண்டு மீட்டர்.
சில மாலைகளில் மூன்று.
அக்டோபர் சூறையில் ஒரே ஒருமுறை பதினொன்று,
அதையும் மழை வந்து துரத்திவிட்டது.

அறிக்கையின் கடைசி வரி:
காற்றாலைக்கு இது போதாது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இறங்கினேன்.
பன்னிரண்டாம் மாடி நடைவழியில்
திலகேஸ்வரி அக்காவின் போர்வை
கம்பியைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.
பக்கத்தில் லிம் வீட்டுப் பள்ளிச் சீருடைகள்,
கோடியில் ரொஹானாவின் தொழுகை வெள்ளை.

தரைத்தளத்தில்
காசு போட்டால் உலர்த்தும் இயந்திரம்
வாயைத் திறந்து வைத்திருக்கும்.
அது விழுங்காத நாணயத்துக்கு
எங்கோ ஒரு கொதிகலன் வாசலில்
ஒரு பிடி நிலக்கரி
இன்னும் கல்லாகவே கிடக்கும்.
அந்தப் பிடியை எழுத
என் படிவத்தில் கட்டம் இல்லை.

"என்ன தம்பி, காத்து இருக்கா இல்லியா?"

போதாதுக்கா என்று
சொல்லி முடிப்பதற்குள்
போர்வை முனை முகத்தில் அறைந்தது.

காய்ந்திருந்தது.