ஆறு நொடி

செட்டிபாளையத்தில் ஆனி ஞாயிறு.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
பந்தயத் தடத்தின் ரப்பர் கூம்புகளை
உருட்டி விளையாடுகிறது.

நவநீதன் வண்டிக்கு நானூற்றுச் சொச்சம் குதிரை.
என்னுடையதற்குத் தொண்ணூறு;
அதிலும் நாலைந்து
கணபதி மெக்கானிக்கின் வாய்ச்சொல்லில் கூடியவை.

நேர்த்தடத்தில்
கண்ணாடியில் பொட்டாக வருகிறான்,
கண்ணாடி நிறைய வருகிறான்,
காதோரம் அறைந்ததுபோல் கடந்து
மறுபடி பொட்டாகிறான்.
ஆறு நொடி.
அதில் எனக்கொரு வேலையுமில்லை,
மிதி ஏற்கெனவே தரையில்.

அப்புறம் வளைவு.
அவன் பிரேக் விளக்கு
அவசரமாய்ச் சிவக்கிறது.
ரெண்டு டன்னிடம் திரும்பச் சொல்ல
முன்கூட்டியே மனுப் போட வேண்டும், பாவம்.
நான் பம்ப்செட்டுக்கு இம்பெல்லர் கடைகிறவள்.
இன்னும் கொஞ்சம் பொறுத்து
ஸ்டீயரிங்கை ஒரே தரம் ஒடிக்கிறேன்.
முன்சக்கரம் முனக,
உள்விளிம்பின் வெள்ளையை உரசிக்கொண்டு
அவன் பம்பருக்கே வந்துவிட்டேன்.
அவிநாசி ரோட்டு டீலர் ஒட்டிய ஸ்டிக்கரில்
போன் நம்பர்
கடைசி இலக்கம் வரை தெரிகிறது.

வளைவில் முந்தக் கூடாது, விதி.
நேரில், முன்னால் போகிறவர் கை காட்டினால்தான்.
அவன் காட்டவில்லை.
நேர் வந்தது. பொட்டானான்.

ஏழாவது சுற்றில்
ஜன்னலுக்கு வெளியே ஒரு கை.
வழியா, காற்றுக்கா?
யோசித்து முடிப்பதற்குள் கொடி விழுந்துவிட்டது.

டீ குடிக்கையில் கேட்டான்:
“என்ன டயருங் போட்டிருக்கீங்க?”
சொன்னேன். காற்றழுத்தம்கூடச் சொன்னேன்.

அந்த ஆறு நொடி
உள்ளே எப்படி இருக்குமென்று
நான் கேட்கவில்லை.